காலநிலைக் கவலையைக் கூடி உட்கார்ந்து பேசினால் ஏதாவது ஆகுமா?

#1 மழைமானி

எங்க வாசகர் வட்டத்துல ஒரு யோசனை ஓடிக்கிட்டிருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை, காலநிலை மாற்றத்தைப் பத்தி மனசுல கிடக்கறதை மட்டும் பேசறதுக்கு ஒரு கூட்டம். உரை கிடையாது, படம் போட்டுக் காட்டறது கிடையாது, துண்டறிக்கை கிடையாது. வட்டமா உட்காரணும். பயம், கோபம், துக்கம், சலிப்பு, எதுவா இருந்தாலும் சொல்லலாம். 'கிளைமேட் கஃபே'ங்கற பேர்ல இது பல இடங்கள்ல நடக்குதாம்.

எனக்கு இதுல பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். செய்தியைப் படிச்சிட்டு ராத்திரி தூங்க முடியாம புரள்றவங்க எங்க வட்டத்துலயே இருக்காங்க, வெளிய சொல்றதில்லை. ஆனா பத்துப் பேர் கூடி, ஒருத்தர் பயத்தை இன்னொருத்தர் தலையில ஏத்திவிட்டுட்டு எழுந்து போறதுல என்ன பிரயோஜனம்னும் தோணுது. நடத்தினவங்க, போய் உட்கார்ந்தவங்க, மனநலத் துறையில இருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

#2 சும்மா_ஒருத்தன்

ஒப்பாரி வெச்சா வெப்பம் குறையுமா? அந்த ரெண்டு மணி நேரத்துல நாலு மரம் நடலாம்.

#3 இரவுப்பறவை

மரம் நடற குழுவுலதான் நான் இருக்கேன், சும்மா. எங்க குழுவை விட்டுப் போனவங்க யாரும் நம்பிக்கை இல்லாம போகலை. அளவுக்கு மீறி இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்சு, நட்டது காய்ஞ்சு போனதைப் பார்த்து, ஒரு நாள் போனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. "எப்படி இருக்கீங்க"ன்னு கேக்க அங்க யாருக்கும் நேரம் இல்லை. அடுத்த குழி எங்கன்னுதான் பேச்சு. அதனால மழைமானி கேக்கறது வெட்டிப் பேச்சுன்னு எனக்குத் தோணலை.

#4 உப்புக்காற்று

சில வருஷமா இப்படி ஒரு வட்டம் நடத்திட்டு வரேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

இது எங்கிருந்து வந்ததுங்கறது முக்கியம், ஏன்னா ரெண்டு கிளை இருக்கு. 2004-ல சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சமூகவியலாளர் பெர்னார் கிரெட்டாஸ், சாவைப் பத்தி வெளிப்படையாப் பேச ஒரு கூட்டம் நடத்தினார். அதைப் பார்த்துட்டு 2011-ல லண்டன்ல ஜான் அண்டர்வுட் தன் வீட்டுலயே 'டெத் கஃபே' ஆரம்பிச்சார். காலநிலைக்குன்னு முதல் கஃபே 2015-ல ஸ்காட்லாந்துல பிர்னம்ங்கற கிராமத்துல தொடங்கினது. தொடங்கினவங்க ஜெஸ் பெப்பர். அங்க என்ன செய்யலாம்னும் பேசலாம், மனசு எப்படி இருக்குன்னும் பேசலாம். பிறகு பிரிட்டன்ல 'கிளைமேட் சைக்காலஜி அலையன்ஸ்' உளவியலாளர்கள், டெத் கஃபே பாணியை எடுத்து, உணர்வுக்கு மட்டும்னு ஒரு வடிவம் செஞ்சாங்க. செயல் பேச்சு வேண்டாம், ஆலோசனை வேண்டாம். நான் நடத்தறது இந்த ரெண்டாவது கிளை. இது போக, அமெரிக்காவுல 2016-ல தொடங்கின 'குட் கிரீஃப் நெட்வொர்க்' இருக்கு. குடிநோயாளிகள் குடும்பங்களுக்கான கூட்டங்கள் மாதிரி பத்துப் படியா பிரிச்சு வெச்சிருப்பாங்க. அது வாராவாரம் தொடர்ந்து வரவேண்டிய ஏற்பாடு. நினைச்சப்போ வந்து உட்கார்றதுக்கு சரிப்படாது.

இனி நடக்கற விதம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல வேண்டாம். நாற்காலி வட்டமா, நடுவுல மேசை இல்லாம. நடத்தறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் பேச்சைப் பார்த்துக்கறார், இன்னொருத்தர் முகங்களைப் பார்த்துக்கறார். யாராவது எழுந்து வெளிய போனா பின்னாடியே போறது அந்த ரெண்டாவது ஆளோட வேலை. ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்துல எல்லாரும் ஒரு கல்லோ இலையோ சிப்பியோ எடுத்துக்கிட்டு, அதைப் பார்த்தா என்ன தோணுதுன்னு சொல்வாங்க. அப்புறம் திறந்த பேச்சு. மௌனம் விழுந்தா நான் மனசுக்குள்ள மெதுவா முப்பது வரைக்கும் எண்ணுவேன். பெரும்பாலும் அதுக்குள்ள யாராவது வாயைத் திறந்துடுவாங்க. அப்படி வர்ற பேச்சுதான் நல்ல பேச்சா இருக்கும்.

கஷ்டமான விதி ஒண்ணே ஒண்ணுதான்: யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. "நீங்க சோலார் போட்டுப் பாருங்களேன்"னு ஒருத்தர் ஆரம்பிச்சாலே, எதிர்ல பேசிக்கிட்டிருந்தவர் குரல் இறங்கிடும், கவனிச்சிருக்கேன். அப்போ நான், "அதை அப்புறம் வெச்சுப்போம். அவங்க சொன்னதைக் கேட்டப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேப்பேன். கேள்வி திரும்பினதும் கொஞ்ச நேரம் முழிப்பாங்க. புள்ளிவிவரமும் அப்படித்தான். நிறையப் பேருக்கு அது ஒளிஞ்சுக்கற இடம்.

என்ன பேசுவாங்கன்னு கேட்டா, பெரிய பெரிய வாசகம் எல்லாம் வராது. ஒரு அம்மா சொன்னாங்க: "நல்ல மழை பெஞ்சாக்கூட சந்தோஷப்பட முடியலை. இது மழை பெய்யற மாசம்தானான்னு மனசு உடனே கணக்குப் போடுது." அதைக் கேட்டு வட்டத்துல நாலஞ்சு தலை ஆடிச்சு. இன்னொருத்தர், பனிப்பாறை பத்தின செய்தியை வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம குளியலறையில உட்கார்ந்து படிக்கறதாச் சொன்னார். "மறுபடியும் அதையா?"ன்னு கேப்பாங்களாம். எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சார். இந்தக் கூட்டம்னா அழுகைதான்னு நினைச்சுக்கிட்டு யாரும் வர வேண்டியதில்லை.

#5 சும்மா_ஒருத்தன்

அது சரி, கல்லைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசணுமா? சின்னப் பிள்ளைங்க விளையாட்டா இருக்கே.

#6 உப்புக்காற்று

கையில ஒண்ணு இருந்தா கண்ணை எங்க வைக்கறதுன்னு தடுமாற வேண்டாம். அவ்வளவுதான், மந்திரம் ஒண்ணும் இல்லை. பிடிக்காதவங்க எடுக்காம இருக்கலாம்.

இதுக்குப் பழைய வேர் ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல ஜோவன்னா மேசி, அணு ஆயுதப் பயம் உச்சத்துல இருந்த காலத்துலயே இந்த மாதிரி பட்டறைகள் நடத்தத் தொடங்கினவங்க. 2025-ல காலமானாங்க. அவங்க வட்டத்துல நாலு பொருள் இருக்கும். கல் பயத்துக்கு, காய்ஞ்ச சருகு துக்கத்துக்கு, தடி கோபத்துக்கு, வெறும் கிண்ணம் ஒண்ணும் புரியாத வெறுமைக்கு. எது உங்களுக்குப் பொருந்துதோ அதை எடுத்துக்கிட்டுப் பேசலாம். என் வட்டத்துல இதைச் செய்யறதில்லை. புதுசா வர்றவங்களுக்கு அந்தத் தடியைப் பார்த்தாலே கூச்சம் வந்துடுது.

#7 கேள்விக்குறி

மனநலத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள். ஆதரவாகவும் எதிராகவும் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

"பேசினால் பாரம் குறையும்" என்பது எல்லா நேரமும் உண்மை இல்லை. பேரிடரில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறை ஒன்று 1980-களில் பரவியது. நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-ல் வெளியிட்ட மீளாய்வு, அந்த முறையைச் சோதித்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பிற்காலப் பாதிப்பை அது தடுத்ததற்குச் சான்று இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்த ஒரு சோதனையில் பாதிப்பு கூடியே இருந்தது. அதே 2002-ல் அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஒரே பிரச்சினையைத் தோழிகள் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டே இருந்தால் நட்பு நெருங்குகிறது, கூடவே மனச்சோர்வும் ஏறுகிறது என்று எழுதினார். மழைமானி சொன்ன "பயத்தைத் தலையில் ஏற்றிவிடுவது" வெறும் கற்பனை இல்லை.

ஆனால் காலநிலைக் கவலை நோய் அல்ல. மனநோய்ப் பட்டியல் எதிலும் அது தனி நோயாக இல்லை. உண்மையான ஆபத்தைப் பார்த்து மனம் பதறுவது மனம் சரியாக வேலை செய்வதன் அடையாளம். எனவே இந்தக் கூட்டத்தைச் சிகிச்சை என்று அறிவிக்கவும் கூடாது, சிகிச்சையின் அளவுகோலால் அளக்கவும் கூடாது. நான் கவனிக்கச் சொல்வது வேறு: வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டதா, வேலைக்கோ படிப்புக்கோ போக முடியவில்லையா, உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வருகிறதா. அப்படிப்பட்டவர் வட்டத்துக்கு வரலாம். ஆனால் வட்டம் மட்டும் அவருக்குப் போதாது. நடத்துகிறவருக்கு அந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, "தீர்வே பேசக் கூடாது" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த அடி என்ன என்று கூடவே யோசிக்கிறார்கள். 2016-ல் வெளியான சோதனை முடிவுகளில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. அங்கே தீர்வுதான் மையம். ஆனால் அது ஒருவருக்கு ஒருவர் பேசுவது, பிரச்சினையும் அவரவர் கைக்கு எட்டக்கூடியது. ஒரு ஆள் முயன்று முடிக்க முடியாத விஷயத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியுமா என்பது வேறு கேள்வி.

#8 ஏழாம்வாய்ப்பாடு

எண்கள் இல்லாமல் பேச்சு ஓடுகிறது. உப்புக்காற்று வட்டத்தில் இருந்தால் என்னை நிறுத்திவிடுவார், இங்கே முடியாது என்று நினைக்கிறேன்.

2021-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு: 10 நாடுகள், 16 முதல் 25 வயது வரை 10,000 பேர். மிக அதிகமாகவோ அதற்கும் மேலாகவோ கவலைப்படுகிறோம் என்றவர்கள் 59 சதவீதம். அன்றாட வாழ்க்கையையே இது கெடுக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கு மேல். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான். எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது: இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை அல்லது தட்டிக் கழித்தார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இது இணையவழிக் கருத்துக்கணிப்பு என்பதையும், அது அளப்பது நோயை அல்ல, கவலையை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது 2024-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்தது. 125 நாடுகள், சுமார் 1,30,000 பேர். மாத வருமானத்தில் 1 சதவீதத்தைப் புவி வெப்பமடைதலுக்கு எதிராகக் கொடுக்கத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று அதே ஆட்களைக் கேட்டபோது வந்த சராசரி மதிப்பீடு 43. அதாவது ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். மூடிய வாயைப் பார்த்து அடுத்தவரும் அதையே நினைக்கிறார்.

இந்தக் கூட்டங்களுக்கு ஏதாவது நியாயம் இருக்கிறது என்றால் அது இங்கேதான் என்பது என் கட்சி. அழுதால் ஆறும் என்பதற்காக அல்ல. நாம் நினைத்ததைவிட அதிகம் பேருக்கு இதே எண்ணம் இருக்கிறது என்ற தகவல் அங்கே கிடைக்கிறது. அதைச் செய்தித்தாளில் படிப்பதும், தெரிந்த முகம் ஒன்று எதிரே உட்கார்ந்து சொல்வதும் ஒன்றல்ல.

#9 இரவுப்பறவை

இதை எடுத்து ஒட்டி வெச்சுக்கறேன். எங்க குழுவுலயே பல பேர் "எனக்கு மட்டும்தான் இப்படி"ன்னுதான் நினைச்சுக்கிட்டிருப்பாங்க.

#10 கேள்விக்குறி

வாய்ப்பாடு சொல்வதற்கு ஒரு துணைச் சான்று. அமெரிக்கச் சமூகவியலாளர் காரி நார்கார்ட் 2000-01 குளிர்காலத்தில் நார்வேயின் ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்தார். அந்த ஆண்டு பனி மிகத் தாமதமாக விழுந்தது, சறுக்கு விளையாட்டுக்குச் செயற்கைப் பனி போட வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும், படித்தவர்கள். ஆனாலும் ஊர்க் கூட்டங்களில் அது பேச்சாக வரவில்லை. தெரியாததால் வந்த மௌனம் அல்ல அது. தெரிந்தும், சங்கடத்தைத் தவிர்க்க எல்லோரும் சேர்ந்து காத்த மௌனம் என்பது அவர் முடிவு.

#11 வெயில்நேரம்

நான் காலேஜ் படிக்கறேன். இந்த மாதிரி ஒரு மீட்டிங்குக்குப் போயிருக்கேன், சுத்தமா பிடிக்கலை. ஏன்னு சொல்றேன்.

அங்க என் வயசுல நான் மட்டும்தான். மத்தவங்க எல்லாம் பெரியவங்க. ரெண்டாவதா பேசின ஒருத்தர் என்னைப் பார்த்து, "உங்க தலைமுறைகிட்ட நாங்க மன்னிப்பு கேட்டுக்கறோம்"னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுட்டார். உடனே இன்னொரு ஆன்ட்டியும். எல்லார் கண்ணும் என் மேல. நான் என்ன சொல்லணும்? "பரவாயில்லை அங்கிள், அழாதீங்க"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது. எனக்கு இருந்த கோபம் எதையும் அங்க சொல்ல முடியலை, அழறவர்கிட்ட எப்படிக் கோபப்படறது? கடைசியில அவங்க எல்லாம் லேசான மனசோட போனாங்க. நான் அவங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்த ஆளா திரும்பிப் போனேன். நடத்தினவங்க அதை நிறுத்தவே இல்லை, "ரொம்ப அழகான தருணம்"னு வேற சொன்னாங்க.

#12 உப்புக்காற்று

வெயில்நேரம், இதைச் சொன்னதுக்கு நன்றிப்பா. நடத்தறவங்க எல்லாரும் படிக்க வேண்டிய பதிவு இது. அந்த முதல் வாக்கியத்துலயே குறுக்க விழுந்து நிறுத்தியிருக்கணும். வட்டத்துல இருக்கற எந்த ஒருத்தரையும் ஒரு தலைமுறைக்கோ ஒரு நாட்டுக்கோ பிரதிநிதியா நிக்க வைக்கக் கூடாது. அவரவர் தன்னைப் பத்திப் பேசலாம், எதிர்ல இருக்கறவர்கிட்ட எதையும் கேக்கக் கூடாது, மன்னிப்பையும் சேர்த்துத்தான்.

இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தனி வட்டம் வெச்சு, உங்க வயசுக்காரங்களே நடத்தறது நல்லது. கலந்து நடத்தினா, உங்க வயசுல குறைஞ்சது மூணு நாலு பேராவது இருக்கணும். ஒரே ஒருத்தரா வந்தா, அவரைத் தனியாக் கூப்பிட்டு "இப்படி இருக்கு, உட்கார்றியா, இன்னொரு நாள் வர்றியா"ன்னு முன்னாடியே கேட்டுடணும்.

#13 வெயில்நேரம்

அப்படி ஒண்ணு இருந்தா வருவேன் அக்கா. ஆனா கோபப்பட விடணும். "மூச்சை இழுத்து விடுங்க"ன்னு ஆரம்பிச்சா எழுந்து வந்துடுவேன்.

#14 மட்டுறுத்துநர்

காலநிலை மாற்றம் உண்மையா பொய்யா என்று விவாதித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, மூன்று ஆண்டுகளாக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கூட்டங்களைப் பற்றி மட்டும்.

#15 துடுப்பு

தூரத்துல இருந்து படிச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணு சொல்லணும்.

நான் கடலை நம்பின குடும்பத்துல பிறந்தவன். நீங்க எல்லாம் வரப்போறதை நெனச்சுக் கவலைப்படறீங்க, தப்பில்லை. எங்களுக்கு அது போன கணக்கு. எந்த மாசம் எந்தப் பக்கம் காத்து திரும்பும், எந்த மீன் எப்ப கரைக்கு வரும்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சது எனக்குப் பாதி பலிக்குது, என் பையனுக்கு ஒண்ணும் பலிக்காது. புயல்ல வீடு போனவன் வட்டமா உட்கார்ந்து கல்லைப் பிடிக்க வரமாட்டான். அவனுக்கு நிவாரண வரிசையில நிக்கணும், வலையை அடைக்கணும். அதனால கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாம் இன்னும் எதையும் இழக்காதவங்களாவே இருப்பாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு நடத்துங்க.

ஆனா துக்கம் எங்களுக்கு இல்லைன்னும் நினைக்க வேண்டாம். அப்பா சாயங்காலம் கரையில வந்து உட்காருவார். முன்னாடி படகு ஏத்தி வெச்ச இடம் இப்போ தண்ணிக்குள்ள இருக்கு. ஒண்ணும் சொல்லமாட்டார், அந்த இடத்தையே பார்த்துக்கிட்டிருப்பார். ஊரை விட்டு எங்கயும் போகாமலேயே ஊர் அவர் கையை விட்டுப் போயிடுச்சு.

#16 கேள்விக்குறி

துடுப்பு சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபோது ஆஸ்திரேலியத் தத்துவவியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் நினைவுக்கு வந்தார். ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது, வீட்டை விட்டு நகராதவர்களுக்கே வீட்டைத் தொலைத்த ஏக்கம் வருவதைக் கண்டு 2000-களின் தொடக்கத்தில் எழுதினார். கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் இனுவிட் பழங்குடி மக்களோடு வேலை செய்த ஆஷ்லி கன்சோலோ, நெவில் எல்லிஸோடு சேர்ந்து 2018-ல் இதைச் சூழல் துக்கம் என்றே வகைப்படுத்தினார். அங்கே பனி உறையாவிட்டால் வேட்டைக்குப் போக வழி இல்லை. போகாத மனிதனுக்கு தான் யார் என்பதே ஆட்டம் காண்கிறது. இவர்களுக்கு ஏற்ற கூட்டம் வேறு வடிவில் இருக்க வேண்டும், அவர்களே அமைத்துக்கொள்வதாக.

#17 இரவுப்பறவை

பொது அஞ்சலி மாதிரி நடத்தறது அதுக்குப் பொருந்துமோ? ஐஸ்லாந்துல 'ஓக்' பனிப்பாறை 2014-லயே பனிப்பாறைங்கற தகுதியை இழந்துடுச்சு. 2019 ஆகஸ்ட் 18 அன்னிக்கு மலை ஏறிப் போய் அஞ்சலிப் பலகை வெச்சாங்க, பிரதமரே வந்தாங்க. அந்தப் பலகையில அப்போ காத்துல இருந்த கரியமில வாயு அளவையும் பொறிச்சாங்க: 415 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 415 பங்கு. அடுத்த மாசமே சுவிட்சர்லாந்துல பிட்சோல் பனிப்பாறைக்குக் கறுப்பு உடுத்திக்கிட்டு ஏறினாங்க. அழிஞ்ச உயிரினங்களுக்காக 2011-லேர்ந்து நவம்பர் 30-ஐ நினைவு நாளா வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க. இதுல யாரும் தன் மனசைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. வந்து நின்னா போதும்.

#18 துடுப்பு

வந்து நிக்கறதுன்னா அப்பாகூட வருவார்.

#19 தெருமுனை

தோழர்களுக்கு ஒரு கசப்பான பேச்சு. இந்த உணர்வுப் பகிர்வு முழுக்க அரசியலைக் கழற்றிவிட்டு நடக்கிறது. இன்னார் இவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறார் என்று, கரித்தடம் என்ற பெயரில் ஒவ்வொரு ஆளின் தலையிலும் கணக்கு எழுதும் பழக்கத்தைப் பரப்பியதில் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கே பெரும் பங்கு உண்டு: பி.பி. 2004-ல் தனிநபர் கரித்தடக் கணிப்பான் ஒன்றை வெளியிட்டு விளம்பரம் செய்தது. குற்ற உணர்வை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது அந்தக் குற்ற உணர்வை ஆற்றுவதற்கு நாமே ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, "உங்கள் உணர்வு நியாயமானது" என்று தட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். புகையை விடுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

வெயில்நேரத்தின் கோபம் சரியான கோபம். அதை வட்டத்துக்குள் ஆற்றிவிடாதீர்கள். கூட்டம் முடியும்போது அடுத்து எங்கே, எந்தக் கோரிக்கையோடு நிற்கப்போகிறோம் என்ற தாள் சுற்றி வர வேண்டும். அது இல்லாத கூட்டம் எனக்கு வேண்டாம்.

#20 ஏழாம்வாய்ப்பாடு

தெருமுனைக்கு ஆதரவாக ஒரு சான்று இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் யேல் ஆய்வாளர்கள் நடத்தி 2022-ல் வந்த ஆய்வு. கூட்டுச் செயலில் இறங்கியவர்களிடம் காலநிலைக் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் இருந்த தொடர்பு பலவீனமாக இருந்தது. தனியாகச் செய்யும் பசுமைப் பழக்கங்களில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் ஒரே காலத்தில் எடுத்த கணக்கு அது, எது காரணம் எது விளைவு என்று சொல்லாது. சிறிய ஆய்வும்கூட. காலநிலைக் கூட்டங்களைப் பற்றிய ஆய்வுகளோ இன்னும் மெலிந்தவை. பெரும்பாலும் கலந்துகொண்டவர்களின் பேட்டியை வைத்து எழுதியவை. பிடிக்காமல் போனவர்கள், வெயில்நேரத்தைப் போல, அந்தப் பேட்டிகளில் அதிகம் சிக்குவதில்லை.

#21 உப்புக்காற்று

தெருமுனை தோழர், நீங்க சொல்ற தாளை நானும் ஒரு காலத்துல சுத்திவிட்டுப் பார்த்தேன். கடைசியில தாள் வரப்போகுதுன்னு தெரிஞ்சா, ஆரம்பத்துலேர்ந்தே பேச்சு அதுக்கு ஏத்த மாதிரி வளையுது. "நான் சோர்ந்துட்டேன், இனி எதுக்கும் வரமாட்டேன்"னு சொல்ல வந்தவர் அதைச் சொல்லமாட்டார். சொன்னா கையெழுத்துப் போடாத ஆளா தெரிவாரே! உண்மையில அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வேற இடமே கிடையாது. உங்க இயக்கத்துக் கூட்டத்துல சொல்ல முடியுமா?

செயல் வேண்டாம்னு நான் சொல்லலை. அதே அறையில, அதே நாள்ல வேண்டாம்னுதான் சொல்றேன். அடுத்த வாரம் நீங்க ஒரு கூட்டம் வெச்சா, என் வட்டத்துல இருந்து நாலு பேர் வருவாங்க, யாரும் தள்ளிவிடாமலேயே.

#22 தெருமுனை

நாலு பேர் வந்தால் பிறகு பேசுவோம். கொள்கையளவில் எனக்கு உடன்பாடு இல்லை. சோர்ந்தவர் இயக்கத்திலேயே அதைச் சொல்ல முடிய வேண்டும், அதற்கு வெளியே தனி அறை தேடும் நிலைமையே எங்கள் குறை என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

#23 இரவுப்பறவை

அந்தக் கடைசி வரியை உங்க அமைப்புல யாராவது ஒரு தடவை சத்தமா சொன்னாலே பாதிப் பேர் திரும்பி வருவாங்க.

#24 சும்மா_ஒருத்தன்

இவ்வளவு படிச்ச பிறகும் எனக்கு மரம்தான் சரிப்படும். இரவுப்பறவை, உங்க குழுவுக்கு ஆள் தேவைன்னா தனிமடல் போடுங்க. தண்ணி ஊத்த வருவேன், நட்டுட்டு ஓடற ஆள் இல்லை.

#25 மழைமானி

எல்லாருக்கும் நன்றி. ஒரு தடவை நடத்திப் பார்க்கறதுன்னு வட்டத்துல முடிவு பண்ணிட்டோம். பெரியவங்களுக்கு மட்டும். இளையவங்களுக்கு வெயில்நேரம் மாதிரி யாராவது முன்வந்தா தனியா வைக்கலாம். செயல் கூட்டம் வேற நாள்ல.

உப்புக்காற்று அக்கா, மூணு கேள்வி. யாராவது உடைஞ்சு அழுதா என்ன செய்யறது? ஒருத்தரே மைக்கைப் பிடிச்ச மாதிரி பேசிக்கிட்டே போனா? அறிவிப்பு எப்படி எழுதறது? "உணர்வுப் பகிர்வு"ன்னு போட்டா எங்க ஆளுங்க யாரும் வரமாட்டாங்க.

#26 உப்புக்காற்று

அழுதா அழட்டும். உடனே தண்ணி, கைக்குட்டை, தோளைத் தட்டறதுன்னு யாரும் பாய வேண்டாம். அது "போதும் நிறுத்து"ன்னு சொல்ற மாதிரி ஆயிடும். கொஞ்சம் பொறுத்து, "தொடர்ந்து சொல்றீங்களா, இல்லை கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?"ன்னு அவர்கிட்டயே கேளுங்க. கேள்விக்குறி சொன்ன எல்லைக்கு வெளியே போனா, ரெண்டாவது ஆள் அவரோட வெளியே போய் உட்காரணும், அன்னிக்கு அவரைத் தனியா அனுப்பக் கூடாது. மனநல உதவி எண்ணும், பக்கத்துல எந்த ஆலோசகர் இருக்கார்ங்கறதும் கூட்டத்துக்கு முன்னாடியே எழுதி உங்க பையில இருக்கணும். அப்போ தேடக் கூடாது.

நீளமாப் பேசறவருக்கு, முதல் சுற்றுல ஆளுக்கு மூணு நிமிஷம்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. மணிகாட்டியை எல்லாரும் பார்க்கற இடத்துல வைங்க. அப்புறம் நீங்க கடுமையா இருக்க வேண்டிய அவசியம் வராது.

கடைசியில சட்டுனு எழுந்து கலையாதீங்க. பத்து நிமிஷம் ஒதுக்கி, வீட்டுக்குப் போய் இன்னிக்கு என்ன செய்யப் போறீங்கன்னு ஒவ்வொருத்தரையும் ஒரு வரி கேளுங்க. துணி துவைக்கணும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரணும்னு வரும். அதுக்குத்தான் அந்தக் கேள்வி.

அறிவிப்பு நான் போடறது இதுதான், எடுத்துக்கோங்க:

"காலநிலை பற்றிய செய்திகள் உங்களைத் தொந்தரவு செய்கின்றனவா? செய்தே தீர வேண்டும் என்று இல்லை. ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் பன்னிரண்டு பேர். உரை இல்லை, விற்பனை இல்லை, கையெழுத்து வேட்டை இல்லை. யாரும் யாருக்கும் யோசனை சொல்லமாட்டோம். அங்கே பேசியது அங்கேயே இருக்கும். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் வரலாம். இது சிகிச்சை அல்ல."

#27 மழைமானி

அப்படியே எடுத்துக்கறேன் அக்கா. "பேசாமல் உட்கார்ந்திருக்கவும் வரலாம்"ங்கற வரியை மட்டும் மேல முதல் வரியாக் கொண்டு போறேன், எங்க ஆளுங்க அதுக்கு மேல படிக்கமாட்டாங்க. கட்டணம் இல்லைன்னும் சேர்க்கணும். ரெண்டாவது ஆளா இருக்க கேள்விக்குறி யாரையாவது கைகாட்ட முடியுமா? தனிமடல் அனுப்பியிருக்கேன்.